ஏணியை இறக்கச் சொல்கிறவள்

பண்ணைக்காடு பஜாரில் நான் ஹார்டுவேர் கடை வைத்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஆணியிலிருந்து மெழுகுவர்த்தி வரை எல்லாம் விற்கிறேன், அலுமினிய ஏணி மட்டும் விற்பதில்லை. கேட்டு வருகிறவர்கள், "என்ன யாகூப் பாய், போர்டு மட்டும் இம்புட்டுப் பெருசா வச்சிருக்கீங்க" என்று நக்கலடிப்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "வத்தலக்குண்டுல போய் வாங்கிக்க, இங்க நிக்காத" என்று விரட்டிவிடுவேன். வியாபாரிக்கு இது அழகல்ல என்று என் வீட்டம்மா ஜஹனாரா சொல்லாத நாள் இல்லை. இதற்குக் காரணம் கித்தேரியம்மாள். அவளைப் பற்றிச் சொல்வதென்றால், ஏழு வருடத்துக்கு முன்னால் நான் விற்ற ஓர் ஏணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கித்தேரிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவளும் அவள் புருஷன் அருளப்பனும் மிளகு பறிக்கிற ஜோடி. எங்கள் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நிழலுக்கு சில்வர் ஓக் மரம் நிற்கும், அதன் மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். தை பிறந்தால் பறிப்பு தொடங்கிவிடும். ஆண் ஏணியில் ஏறிப் பறிப்பான். பெண் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், சிந்தியதைப் பொறுக்குவாள். இவர்கள் இருவரும் பறித்த தோட்டத்தில் ஒரு காப்பிக் கிளைகூட முறிந்திருக்காது என்று முதலாளிமார் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேருக்காகவே அவர்களை முன்கூட்டிச் சொல்லி வைப்பார்கள்.

கிளை முறியாமல் பறிக்க ஒரு வழி இருந்தது. ஒரு மரம் முடிந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ஏணியைக் கீழே இறக்கிப் படுக்கவைத்துத் தூக்கிப் போவதுதான் முறை. ஆனால் நெஞ்சளவு காப்பிச் செடிகளுக்கு நடுவில் இருபத்திநாலு அடி ஏணியைச் சாய்த்தால் பத்துச் செடி நாசமாகும். அதனால் யாரும் இறக்குவதில்லை. ஏணியை நிமிர்த்தியபடியே தூக்கிக்கொண்டு நகர்வார்கள். மூங்கில் ஏணி இருந்த காலத்தில் அதற்கு இரண்டு ஆள் வேண்டும், மூச்சு வாங்கும். அலுமினிய ஏணி வந்ததும் ஒரே ஆளுக்கு முடிந்தது. "குடை பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி போகலாம் அருளப்பா" என்று சொல்லி விற்றவன் நான்தான்.

அந்த வருடம் காப்பியைப் பூக்கவைக்கிற பூமழை முந்திக்கொண்டது. மாசி கடைசியிலேயே திருமலைச்சாமி தோட்டத்தில் காப்பி முழுதாகப் பூத்து வெள்ளை வெளேரென்று நின்றது. மேலே இன்னும் மிளகு பாக்கி. பூ உதிர்ந்தால் காய் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். திருமலைச்சாமி காலையிலேயே வந்து, பூ பத்திரம், பூ பத்திரம் என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தத் தோட்டத்தின் குறுக்கே மெயின் கரண்ட் லைன் போகிறது. கீழ்த் தட்டில் நின்று பார்த்தால் கம்பி எங்கேயோ உயரத்தில் இருக்கும். மேல் தட்டுக்கு ஏற ஏறத் தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கம்பி தாழ்வதில்லை, நிலம்தான் ஏறுகிறது. மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஒரு தைரியம் இருந்தது. காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. என் கடையிலும் விளக்கு எரியவில்லை. எங்கள் ஊரில் கரண்ட் போனால் காற்றில் பறந்து லைன் மேல் விழுந்த வேட்டியைக்கூடக் கம்பால் எடுப்பார்கள், அவ்வளவு நம்பிக்கை.

மேல் தட்டில் ஒரு மரம் முடிந்தது. அருளப்பன் இறங்கி, ஏணியை ஒரு பக்கமாகச் சாய்க்கப் போனான். மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தானாம். அப்போது கித்தேரி சொன்னாள்: "காலையிலருந்து கரண்டுதான் இல்லையே. எறக்காதீங்க, பூவெல்லாம் கொட்டிரும்." சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் நடந்தாள், கிளைகளை இரண்டு கையாலும் விலக்கி வழி விட்டபடி. அவள் கண் பூவில் இருந்தது. பத்து எட்டு வைத்திருப்பாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

லைன்மேன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். ஊர் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போயிருந்தது. அதனால் வீடுகளில் விளக்கு இல்லை. டிரான்ஸ்பார்மருக்கு வருகிற மேல் கம்பியில் பதினொன்றாயிரம் வோல்ட் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு பல்பைப் பார்த்து மேல் கம்பியைக் கணக்குப் போட்டார்கள், அருளப்பன் போய்விட்டான்.

கித்தேரி சொன்ன அந்த ஒரு வாக்கியம் இந்த வருடம் வரை இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் எனக்கும்.

போலீஸ் வந்து விசாரித்தபோது, ஏணியை ஏன் இறக்காமல் தூக்கினான் என்று கேட்டார்கள். திருமலைச்சாமிக்குப் பயம், தோட்டம் அவருடையதல்லவா. "சனிக்கெழம கூலி வாங்குனா ஊத்துறவன்தானங்க. ராத்திரி ஊத்துனது எறங்கியிருக்காது" என்றார். எல்லோரும் கித்தேரியைப் பார்த்தார்கள். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் கேத்தரினை அழைத்து வந்திருந்தார்கள். அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஊர் வாயை மூட உலை மூடி ஏது? சாயங்காலத்துக்குள் அருளப்பன் குடித்துவிட்டுச் செத்தான் என்பது பஜார் முழுக்க முடிவாகிவிட்டது.

கேத்தரினும் அதை நம்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை ராத்திரிகளை அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் அவள். குடியை விடுங்கப்பா என்று அவன் காலைப் பிடித்து அழுதவளும் அவள்தான். அப்பன் குடியிலேயே போய்விட்டான் என்ற கோபத்தில் அவள் மனம் கல்லாகிவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு அவள் அந்தக் கல்லறைப் பக்கம் கால் வைக்கவில்லை. வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு கித்தேரி மட்டும் தனியாகப் போய்ப் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். மகளைக் கூப்பிட்டால் லீவு இல்லை என்பாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கித்தேரி என் கடைக்கு வந்தாள். நான் அந்த ஒரு மாதமும் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தாம்மா வித்தேன். குடை மாதிரின்னு சொல்லி வித்தேன்" என்று அழுதுவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க ஏணி இல்ல பாய். என் வாயி. அவரு எறக்கத்தான் போனாரு" என்றாள். மகளிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். "அவளுக்கு அப்பாவும் இல்ல. நான் சொல்லிட்டா ஆத்தாளும் இல்லாமப் போயிரும்" என்றாள். அது மகளுக்காகச் சொன்னதா தனக்காகச் சொன்னதா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அந்த நிம்மதியில் அடுத்த மாதமே நாலு அலுமினிய ஏணி விற்றேன். அதைக் கேள்விப்பட்டுக் கித்தேரி வந்து நின்றாள் பாருங்கள், பஜாரே திரும்பிப் பார்த்தது. "என் வாயின்னு சொன்னது உங்க மனசு ஆறட்டும்னுதான் பாய். அடுத்த வீட்டு ஆம்பளையக் கொல்றதுக்கா சொன்னேன்?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அன்றைக்கு நிறுத்தியதுதான் ஏணி வியாபாரம்.

அதற்குப் பிறகு கித்தேரி ஏணியைத் தொடவில்லை. காப்பி பறிக்க, களை எடுக்கப் போவாள். ஆனால் தை மாதம் வந்துவிட்டால் சோலியை எல்லாம் விட்டுவிட்டு, லைன் போகிற தோட்டங்களாகப் பார்த்து வெள்ளனே போய் நின்றுவிடுவாள். யாரும் கூப்பிட்டதில்லை. கையில் சிவப்புத் துணியை நீளநீளமாகக் கிழித்து வைத்திருப்பாள். நிமிர்ந்து நிற்கிற ஏணி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியில் படக்கூடாது. படுகிற தூரத்தில் இருக்கிற மரங்களுக்கெல்லாம் துணி கட்டிவிடுவாள். துணி கட்டிய மரத்தில் கை வைக்க வேண்டுமானால் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, லைன்மேன் வந்து, லைனை நிறுத்தி, அவர் வாயாலேயே ஏறலாம் என்று சொல்ல வேண்டும். கரண்ட் இல்லை என்று யாராவது சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

பறிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கிற வேல்ராஜுக்கும் அவளுக்கும் தினமும் சண்டைதான்.

"அக்கா, நீங்க சொல்றபடி செஞ்சா மிளகு ஆடியிலதான் வீடு வந்து சேரும்."

"மிளகு எப்ப வேணும்னாலும் வரட்டும். ஏலே, நீ அந்தியில வீடு வந்து சேரணும்ல? எறக்கு ஏணிய."

"எறக்குனா செடி ஒடியும். மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"என் பேரச் சொல்லு. கித்தேரி ஒடிச்சான்னு சொல்லு."

அவள் நிற்கிற வரைக்கும் இறக்குவார்கள். தலை மறைந்ததும் நிமிர்த்திக்கொள்வார்கள்.

மண்ணுக்குள் கிடப்பதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு காட்டேஜ்காரர் தண்ணீர்க் குழாய் போட ஜேசிபியைக் கொண்டுவந்தார். அடியில் கேபிள் போகிறதா என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாதென்றால் தோண்டாதே என்று ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஆளை விட்டு மண்வெட்டியால் அரை நாள் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். கிடைத்தது ஒரு துருப்பிடித்த பழைய பைப். ஊர் ஒரு வாரம் சிரித்தது. நானும்தான் கேலி செய்தேன். "இல்லன்னு இப்பத்தான பாய் தெரியுது. தோண்டுறதுக்கு முந்தி யாருக்குத் தெரிஞ்சுச்சு?" என்றாள்.

இந்த வருடம் மாசியில் கேத்தரின் நாலு நாள் லீவில் வந்தாள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. இருபத்திநாலு வயதாகிவிட்டது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறதென்று தாயும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். நான் குழாய்த் திருகு எடுத்துக்கொண்டிருக்கையில் வேல்ராஜ் கயிறு வாங்க வந்தான். வத்தலக்குண்டிலிருந்து புது அலுமினிய ஏணி வாங்கி வந்திருப்பதாக என்னிடம் பெருமையாகச் சொன்னான். கித்தேரிக்குக் கேட்டுவிட்டது.

வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். வேல்ராஜ் வழக்கம்போலச் சிரித்தான். கேத்தரினுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஊர் சிரிக்க அம்மா சண்டை போடுவது அவளுக்கு அவமானமாக இருந்திருக்கும்.

"விடுங்கம்மா. ஏணி மேல என்ன தப்பு? குடிச்சிட்டுத் தூக்குனா எந்த ஏணியும் கொல்லத்தான் செய்யும்" என்றாள்.

கித்தேரி கல்லாப்பெட்டி மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேனா, சொல்லிவிடு என்று நினைத்தேனா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

"உங்கப்பா குடிக்கலத்தா" என்றாள் கித்தேரி. "தவசுக்காலம் பொறந்ததுலருந்து ஒரு சொட்டு தொடல. நீ அழுதியேன்னுதான் நேந்துக்கிட்டாரு. ஈஸ்டருக்கு நீ வர்றப்ப உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தாரு."

"அப்புறம் ஏன் எறக்காமத் தூக்குனாரு?"

"எறக்கத்தான் போனாரு. நான்தான் வேணாம்னேன். கரண்டு இல்ல, பூ கொட்டிரும், எறக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

வேல்ராஜ் கையில் இருந்த கயிற்றை மேசையில் வைத்தான். கேத்தரின் மெதுவாக, "போலீஸ் கேட்டப்ப நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களேம்மா" என்றாள்.

"ஆமா."

"நான் ஏழு வருசமா எங்கப்பாவத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஆமாத்தா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மதியம் பஸ்ஸிலேயே பையை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன் என்று இத்தனை வருடம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது ஒரு செத்த மனுஷனின் பேரைக் கெடவிட்டுத்தான்.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி, புருஷனைக் கொன்றவள் என்று கித்தேரியின் காதுபடவே சொன்னாள். கித்தேரி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். திருமலைச்சாமி ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். வேல்ராஜ் மறுநாளே தன் ஆட்களிடம் ஏணியை இறக்கித்தான் நகர வேண்டும் என்று சொல்லிவிட்டான். செடி ஒடிந்தது, முதலாளி கத்தினார், அவன் அசையவில்லை. ஏழு வருடம் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது இப்போது நடந்தது. இதை நான் கித்தேரியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் "நல்லது பாய்" என்றாள், அவ்வளவுதான். அவள் எந்நேரமும் மடியில் போனை வைத்துக்கொண்டு இருந்தாள். கேத்தரின் பங்குனியில் பேசவில்லை, சித்திரையில் பேசவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கித்தேரி ஆள் பாதியாக இளைத்துப்போனாள்.

அக்டோபர் கடைசியில் போன் வந்தது. "கல்லறைத் திருநாளுக்கு நான் அப்பாட்ட வர்றேன். அந்நேரம் நீங்க அங்க இருக்காதீங்க." இவ்வளவுதான் பேசினாளாம். கித்தேரி சரி என்றிருக்கிறாள்.

இரண்டாம் தேதி காலையில் தூறலும் மேகமுமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்களுக்கு என் கடைச் சரக்குதான். ஒரு பெட்டி கொடுக்கப் போனேன். சுவருக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கித்தேரி நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாளே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, எல்லாம் சுத்தம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே ஊர் சனமெல்லாம் அவரவர் கல்லறையில் இருந்தது. கேத்தரின் அருளப்பன் கல்லறையில் முழங்காலிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதது சுவருக்கு மேலே தெரிந்தது. வெகுநேரம் அழுதாள்.

"நீ போகலையாம்மா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"அவ போகட்டும் பாய். அவருக்கு மக கெடச்சிட்டா" என்றாள் கித்தேரி.

கேத்தரின் வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தாள். தாண்டிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நாலு எட்டுத் தள்ளி நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எறக்க வேணாம்னு நீங்க சொன்னப்ப அப்பா என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணுஞ் சொல்லல. சரி கித்தேரின்னாரு. அம்புட்டுத்தான்."

கொடைக்கானல் பஸ் வந்தது. கேத்தரின் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வளைவில் மறைகிற வரை கித்தேரி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள்.

"எங்கிட்டக் கேட்டா பாய்" என்றாள். "அவரப் பத்தி எங்கிட்ட வந்து கேட்டா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.